ஆறு லட்சத்து அறுபதாயிரம் பேருக்கான ஊர்

இன்னைக்கு எபிசோடை ஒரு எண்ணில் இருந்து ஆரம்பிக்கலாம்: 6,60,000.

1914-ல் மெட்ராஸின் கீழ்ப்பாக்கம் குடிநீர் நிலையத்தை வடிவமைத்த இன்ஜினியர் ஜே.டபிள்யூ. மேட்லி, தன் கணக்கில் எடுத்துக்கிட்ட மக்கள்தொகை இது. அன்றைக்கு ஊரில் இருந்தவங்க எண்ணிக்கை இல்லை. 1961-ல் இத்தனை பேர் இருப்பாங்க, ஆளுக்கு ஒரு நாளைக்கு 25 கேலன், அதாவது சுமார் 114 லிட்டர் தேவைப்படும் என்ற கணிப்பு. கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் தள்ளிப் பார்த்துப் போட்ட கணக்கு.

1961-ல் சென்சஸ் எடுத்தாங்க. மெட்ராஸ் 17 லட்சத்தைத் தாண்டியிருந்தது.

கேட்டதும் சிரிப்பு வரும். ஆனா அவர் நாற்காலியில் கொஞ்சம் உட்கார்ந்து பாருங்க. 1901 சென்சஸில் மெட்ராஸில் 5 லட்சத்து 9 ஆயிரம் பேர். 1911-ல் 5 லட்சத்து 18 ஆயிரம். பத்து வருஷத்தில் ஊர் பத்தாயிரம் பேர்கூட வளரலை! அந்த வேகத்துக்கு 6.6 லட்சம் என்பது ரொம்பவே தாராளமான கணிப்பு. என்னைக் கேட்டா, மேட்லி பொறுப்பாத்தான் கணக்குப் போட்டிருக்கார். அதுவரை நடந்ததை வச்சு, இனி நடக்கப்போறதைக் கணிச்சார். ஊர்தான் அந்தக் கணக்குக்குள்ள அடங்கலை.

சென்னை தனக்காகத் தண்ணீரைத் தேக்கி வச்ச கதைதான் இன்றைய எபிசோட். ஒவ்வொரு தேக்கத்துக்குப் பின்னாடியும் யாரோ ஒருத்தர் இப்படி ஒரு எண்ணை எழுதி வச்சிருக்காங்க. அந்த எண் என்ன ஆச்சுன்னு பார்த்துக்கிட்டே போவோம்.

முதல்ல அடிப்படைக் கேள்வி. சென்னைக்கு எதுக்கு இவ்வளவு பெரிய சேமிப்பு? மழை கம்மியா? இல்லவே இல்லை. வருஷத்துக்குச் சராசரியா 1,400 மில்லிமீட்டர் பெய்யுது. எப்பவும் குடையோடு திரியும் லண்டனுக்கு 600 சொச்சம்தான். நம்ம சிக்கல் அளவில் இல்லை, தேதியில் இருக்கு. பாதிக்கு மேல் மழை அக்டோபரில் இருந்து டிசம்பருக்குள் பெய்துவிடும். அதிலும் பெரும்பகுதி ஒரு சில நாட்களில் கொட்டித் தீர்த்துடும். அதைப் பிடிச்சு வச்சு அடுத்த ஐப்பசி வரைக்கும் ஓட்டணும். ஒரு போகம் மட்டும் விளையுற வீடு மாதிரி. குதிர் பெரிசா இருந்தாத்தான் அடுத்த அறுவடை வரை அடுப்பு எரியும்.

இது தொண்டை மண்டலத்து விவசாயிகளுக்கு எப்பவோ தெரியும். செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கம் ஊருக்கு ஊர் ஏரி வெட்டி, ஒண்ணு நிரம்பினா அடுத்ததுக்குப் போற மாதிரி சங்கிலியாக் கோர்த்து வச்சிருந்தாங்க. இதை ஞாபகம் வச்சுக்கோங்க. ஏன்னா, இன்னைக்கு நாம "சென்னை ஏரிகள்"னு சொல்ற புழல், சோழவரம், செம்பரம்பாக்கம் மூணுமே சென்னைக்காகப் பிறந்தது இல்லை. வயலுக்காக இருந்த ஏரிகளை ஊர் எடுத்துக்கிட்டது.

கோட்டையில் இருந்த கம்பெனிக்காரங்க ரொம்ப நாள் கிணற்றைத்தான் நம்பினாங்க. 1772-ல் வடசென்னையில் கிணறு வெட்டி, கோட்டைக்குத் தண்ணீர் கொண்டுபோனாங்க. ஏழுகிணறு என்ற பேட்டைப் பெயரில் அது இன்னும் இருக்கு. ஆனா வளர்கிற ஊருக்குக் கிணறு எத்தனை நாள் தாங்கும்?

1866-ல் ஃப்ரேசர் என்ற சிவில் இன்ஜினியர் ஒரு திட்டம் கொடுத்தார். ஊருக்கு வடமேற்கே ஓடும் கொசஸ்தலை ஆற்றில், தாமரைப்பாக்கத்தில் ஒரு அணைக்கட்டு. அங்கிருந்து வாய்க்கால் வழியா சோழவரம் ஏரி, சோழவரத்தில் இருந்து புழல் ஏரி, அதாவது நம்ம ரெட் ஹில்ஸ். புழலில் இருந்து திறந்த கால்வாயில் கீழ்ப்பாக்கம். பம்ப் இல்லை, மோட்டார் இல்லை, மேட்டில் இருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் தானா வரும். 1872-ல் தண்ணீர் வந்தே விட்டது. வடிகட்டாத தண்ணீர்தான். சுத்திகரிக்கிற வேலை மேட்லி காலத்தில்தான் சரியா நடந்தது. ஆனா ஃப்ரேசர் போட்ட அந்த எலும்புக்கூடு, ஆற்றைத் திருப்பு, ஏரியில் தேக்கு, ஊருக்கு அனுப்பு என்பது, இன்னைக்கும் வடசென்னைப் பக்கத்து அமைப்பின் முதுகெலும்பு. 150 வருஷமா!

இதில் ஒரு ஓட்டை இருந்தது. தாமரைப்பாக்கம் அணைக்கட்டு தண்ணீரைத் திருப்பத்தான் செய்யும், தேக்காது. நவம்பரில் ஆற்றில் வெள்ளம் வந்தா, வாய்க்கால் கொள்ளும் அளவுக்கு எடுத்துக்கலாம். மிச்சமெல்லாம் அணைக்கட்டுக்கு மேல வழிஞ்சு எண்ணூர் வழியா கடலுக்குப் போயிடும். அடுத்த மே மாதம் ஊர் தவிக்கும்.

1931-ல் மக்கள்தொகை 6 லட்சத்து 47 ஆயிரம். மேட்லியின் எண்ணைத் தொட இன்னும் 13 ஆயிரம்தான் பாக்கி. அவர் சொன்ன வருஷத்துக்கோ இன்னும் முப்பது வருஷம் இருந்தது. 1941-ல் 7 லட்சத்து 77 ஆயிரம். கணக்கு தாண்டிப் போச்சு.

இந்த இடத்தில்தான் சத்தியமூர்த்தி வர்றார். சென்னையில் காங்கிரஸ் அலுவலகத்துக்கு சத்தியமூர்த்தி பவன்னு பேர் இருக்கே, அவரேதான். காமராஜரின் அரசியல் குரு, மேடைப் பேச்சில் பெரிய ஆள். 1939-ல் மெட்ராஸ் மேயர் ஆனார். அப்போ மேயர் பதவி ஒரே வருஷம்தான். அந்த ஒரு வருஷத்தில் அவர் கையில் எடுத்தது இந்தத் தண்ணீர்ப் பிரச்சினையை. தாமரைப்பாக்கத்துக்கு மேல, திருவள்ளூர் பக்கம் பூண்டியில், கொசஸ்தலையின் குறுக்கே ஒரு நிஜமான நீர்த்தேக்கம்.

நேரத்தைப் பாருங்க. இரண்டாம் உலகப்போர் தொடங்கியாச்சு. இரும்பு, சிமெண்ட், பணம் எல்லாம் போருக்குப் போகுது. காங்கிரஸ் மந்திரிசபை ராஜினாமா பண்ணிடுச்சு, மாகாணம் கவர்னர் கையில். அந்த கவர்னருக்கு எதிரான கட்சியின் முன்னணித் தலைவர், அதே ஆட்சிகிட்டப் போய் ஊருக்கு ஒரு அணை வேணும்னு வாங்கிட்டு வர்றார். 1940 ஆகஸ்டில் அடிக்கல். செலவு சுமார் 65 லட்சம் ரூபாய். இடையில் 1942-ல் ஜப்பான்காரன் குண்டு போடுவான்னு பாதி மெட்ராஸ் ஊரைக் காலி பண்ணிட்டு ஓடினது. அணை வேலை மட்டும் நிக்கலை. 1944 ஜூனில் கவர்னர் ஆர்தர் ஹோப் திறந்து வச்சார்.

சத்தியமூர்த்தி அதைப் பார்க்கலை. 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் கைதாகி, உடல்நிலை கெட்டு, 1943 மார்ச்சில் இறந்துட்டார். அணைக்குப் பின்னாடி சத்தியமூர்த்தி சாகர்னு பேர் வச்சாங்க.

அந்த அணைக்காக இடம் விட்டுக்கொடுத்தவங்களும் இருக்காங்க. தேவாரப் பாடல் பெற்ற திருவெண்பாக்கம் கோயில் நீருக்குள் போகும் நிலை வந்தது. கண்பார்வை போன சுந்தரருக்கு சிவன் ஊன்றுகோல் கொடுத்ததாச் சொல்ற தலம் அது. கோயிலை இடம் மாத்திப் பூண்டியில் கட்டினாங்க. இன்னைக்கு ஊன்றீஸ்வரர் கோயிலுக்குப் போறவங்க பலருக்கு, பழைய கோயில் இருந்த இடம் அந்த ஏரிக்குள்ளேன்னு தெரியாது. கோயிலையாவது மாத்தினாங்க. மூழ்கின வயல்களை எங்கே மாத்துறது?

பூண்டியின் அன்றைய கொள்ளளவு 2,573 மில்லியன் கனஅடி. இரண்டரை டிஎம்சி. டிஎம்சின்னா ஆயிரம் மில்லியன் கனஅடி, நம்ம கணக்கில் சுமார் 2,832 கோடி லிட்டர். அன்றைய மெட்ராஸுக்கு அது பெரிய நிம்மதி. எத்தனை நாளைக்கு? 1946-ல் ஊர் எல்லையை விரிச்சாங்க, 1951 சென்சஸில் 14 லட்சம். பத்து வருஷத்தில் மக்கள்தொகை கிட்டத்தட்ட இரட்டிப்பு. அணையின் ஈரம் காயும் முன்னே அடுத்த பற்றாக்குறை வாசலில் வந்து நின்னது.

இதுக்கப்புறம் சென்னை பக்கத்தில் தேடுறதை விட்டுட்டு, தூரத்தில் தேட ஆரம்பிச்சது.

முதல்ல தெற்கே. 235 கிலோமீட்டர் தள்ளி, கடலூர் மாவட்டத்து வீராணம். பொன்னியின் செல்வன் படிச்சவங்களுக்குத் தெரியும், வந்தியத்தேவன் குதிரையில் வர்ற முதல் காட்சியே இந்த ஏரிக்கரைதான். பத்தாம் நூற்றாண்டில் சோழர் வெட்டினது. 1960-களின் கடைசியில் தொடங்கின முதல் வீராணம் திட்டம், ராட்சதக் குழாய்களோட நின்னு போச்சு. ஊழல் புகார், சர்க்காரியா கமிஷன் விசாரணைன்னு அது தனிக் கதை. வருஷக்கணக்கா ரோட்டோரம் கிடந்த அந்தக் குழாய்களுக்குள்ள குடும்பங்கள் குடித்தனம் நடத்தினதை உங்க தாத்தா பாட்டி சொல்லியிருப்பாங்க. ஊருக்குத் தண்ணீர் கொடுக்க வந்த குழாய், வீடில்லாதவங்களுக்கு வீடாச்சு. கடைசியில் 2004-ல் புதிய வீராணம் திட்டம் முடிஞ்சு, தினமும் 18 கோடி லிட்டர் எடுக்கிற ஏற்பாடு வந்தது. வீராணத்துக்குத் தண்ணீர் கீழணையில் இருந்து வடவாறு வழியா வருது. அதாவது, தென்சென்னைக் குழாயில் வர்றதில் ஒரு பங்கு காவிரி. டெல்டா விவசாயி கவலையோட பார்க்கிற அதே காவிரி.

அடுத்து வடக்கே. 1976-ல் மகாராஷ்டிரா, கர்நாடகா, ஆந்திரா மூணும் தலா 5 டிஎம்சி கிருஷ்ணா நீரைச் சென்னைக்குக் கொடுக்க ஒப்புக்கிட்டாங்க. மொத்தம் 15. வழியில் 3 ஆவியாகும், கசியும்னு கழிச்சு, எல்லையில் கைக்கு வர்றது 12. 1983-ல் எம்.ஜி.ஆரும் என்.டி.ஆரும் கைகோர்த்து ஆரம்பிச்சு வச்ச தெலுங்கு கங்கை இதுதான். தண்ணீர் பூண்டிக்கு வந்து சேர்ந்தது 1996-ல். ஒப்பந்தத்தில் இருந்து குழாய் வரைக்கும் இருபது வருஷம்! அந்த இருபது வருஷத்தில் பிறந்த குழந்தை காலேஜுக்கே போயிருக்கும். அதுக்கப்புறமும் கால்வாய்க் கரை சரியில்லாம வழியிலேயே தண்ணீர் தொலைஞ்சது. சத்ய சாய் பாபாவின் அறக்கட்டளை முன்வந்து கால்வாயைச் சீரமைச்ச பிறகுதான், 2004 வாக்கில், ஓட்டம் மேம்பட்டது. ஆனாலும் பெரும்பாலான வருஷங்களில் அந்த 12 முழுசா வந்ததில்லை. காகிதத்தில் இருக்கிற டிஎம்சியும் ஏரியில் இருக்கிற டிஎம்சியும் வேற வேற.

இப்போ கையிருப்பைக் கூட்டிப் பார்க்கலாம். கிருஷ்ணா நீருக்காக உயரம் கூட்டின பிறகு பூண்டி 3,231 மில்லியன் கனஅடி. சோழவரம் 1,081. புழல் 3,300. செம்பரம்பாக்கம் 3,645. கும்மிடிப்பூண்டி பக்கம் 2020-ல் திறந்த கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை 500. மொத்தம் 11,757, பன்னிரண்டு டிஎம்சிக்குக் கொஞ்சம் கம்மி. ஊருக்கு ஒரு நாளைக்கு 100 கோடி லிட்டர் எடுத்தா ஒரு டிஎம்சி 28 நாள் வரும். அப்போ எல்லா ஏரியும் தளும்பத் தளும்ப நிரம்பினாலும் கிட்டத்தட்ட பதினொரு மாசம்தான். அதிலும் இதெல்லாம் ஆழமில்லாத, பரந்த ஏரிகள். சித்திரை வெயில் தன் பங்கை எடுத்துக்கிட்டுத்தான் மிச்சத்தை விடும்.

இதுக்கு என்ன அர்த்தம்? ஒரு நல்ல வருஷத்து மழையை அடுத்த கெட்ட வருஷத்துக்குக் கடத்த சென்னையிடம் இடம் இல்லை. குதிர் ஒரு வருஷத்துக்கானது. ஒரே ஒரு பருவமழை பொய்த்தா அடுத்த கோடையில் ஊர் அம்பேல்.

பூண்டிக்கும் தேர்வாய்கண்டிகைக்கும் நடுவில் எத்தனை வருஷம்னு கவனிச்சீங்களா? 1944, 2020. சென்னைக் குடிநீருக்காகவே புதுசா ஒரு நீர்த்தேக்கம் கட்ட 76 வருஷம் ஆச்சு. அந்த இடைவெளியில் ஊர் பல மடங்கு பெருத்தது. புதுசா வந்ததோ அரை டிஎம்சி. இரண்டு வாரத் தண்ணீர்.

சரி, பெரிசா ஒண்ணு கட்டிட்டா முடிஞ்சதா? இங்கேதான் எனக்கு இந்தக் கதையில் மிகவும் கஷ்டமான பகுதி வருது.

2015 டிசம்பர் 1. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. நவம்பர் முழுக்கப் பெய்ததில் செம்பரம்பாக்கம் ஏற்கெனவே கிட்டத்தட்ட நிரம்பியிருந்தது. வேற வழியில்லாம 29 ஆயிரம் கனஅடி வரை திறந்துவிட்டாங்க. வழியில் இருந்த ஏராளமான சின்ன ஏரிகளின் உபரியும் சேர்ந்து அடையாறு ஊருக்குள் புகுந்தது. சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், ஈக்காட்டுத்தாங்கல், முடிச்சூர்... உங்களில் பலருக்கு அந்த ராத்திரி நினைவிருக்கும்.

ஏன் முன்னாடியே திறக்கலை? தணிக்கைத் துறை அறிக்கை பின்னாடி இதையே கேட்டு, ஏரி நிர்வாகத்தைக் கடுமையா விமர்சிச்சது. நியாயமான கேள்வி. ஆனா அந்த நவம்பரில் மதகுச் சாவி உங்க கையில் இருந்ததுன்னு வச்சுக்கோங்க. ஒரு வருஷத்துக்கான குடிநீர் கண் முன்னாடி நிக்குது. மழை வரும்னு நம்பித் திறந்துவிட்டு, மழை வராமப் போனா? மே மாதம் காலிக் குடத்தோட நிக்கிற ஜனங்க உங்களைத்தான் கேட்பாங்க. திறக்காம இருந்து மழை வந்தா, கரையோரத்து ஜனங்க கேட்பாங்க. குடிநீர்க்காரருக்கு ஏரி நிறைஞ்சிருக்கணும், வெள்ளத் தடுப்புக்காரருக்கு அதே ஏரி காலியா இருக்கணும். ஒரே ஏரி, ஒரே மாசம்.

அந்தப் பயம் வெறும் கற்பனை இல்லைன்னு சீக்கிரமே தெரிஞ்சது. 2015 டிசம்பரில் கடலுக்குப் போன தண்ணீரைத் தேக்க இடம் இல்லை. 2016 பருவமழை மோசம். 2018-ம் ஏமாத்திடுச்சு. 2019 ஜூனில் நாலு ஏரிகளும் வெடிச்சுக் கிடந்தன. சிக்கராயபுரம் கல்குவாரித் தண்ணீரைச் சுத்திகரிச்சு ஊருக்குக் கொடுத்தாங்க. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையில் இருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டரோட முதல் ரயில் வந்தது. 25 லட்சம்னா பெரிசாக் கேட்கும். 100 கோடியில் அது கால் சதவீதம். வெள்ளத்துக்கும் இந்த ரயிலுக்கும் நடுவில் நாலு வருஷம்கூட முழுசா ஆகலை.

2015-க்கு அப்புறம் பழக்கம் மாறிடுச்சு. செம்பரம்பாக்கத்தின் முழு உயரம் 24 அடி. 2020 நவம்பரில் நிவர் புயல் வந்தப்போ 22 அடியிலேயே மதகைத் திறந்தாங்க. நல்ல முடிவுன்னுதான் நானும் நினைக்கிறேன், மேலே கொஞ்சம் காலியா வச்சாத்தான் திடீர் வெள்ளத்தை ஏரி வாங்கிக்கும். ஆனா அந்த இரண்டு அடிக்கு ஒரு விலை இருக்கு. ஏரியின் பரப்பை வச்சுக் கணக்குப் பார்த்தா, அது சுமார் அரை டிஎம்சி. அதே மாசம்தான் தேர்வாய்கண்டிகையைத் திறந்தாங்க, சுமார் 380 கோடி ரூபாய்ச் செலவில். அதன் கொள்ளளவும் அரை டிஎம்சி. புதுசாக் கட்டின ஏரி முழுசும், பழைய ஏரியில் பாதுகாப்புக்காகக் காலியா விட்ட இடத்துக்குச் சரியாப் போச்சு!

அதனால்தான் "இன்னும் எத்தனை டிஎம்சி கட்டலாம்" என்ற கேள்வி மட்டும் எனக்குப் போதுமானதாத் தெரியலை. அந்த இரண்டு அடியை டிசம்பர் எந்தத் தேதியில் நிரப்பலாம், மழைக் கணிப்பை எவ்வளவு தூரம் நம்பலாம், யார் முடிவெடுக்கிறது, நடு ராத்திரியில் யாருக்குச் சொல்றது, இதெல்லாமும் சேமிப்புத்தான். கான்கிரீட் இல்லாத சேமிப்பு.

கடல் நீரைக் குடிநீராக்குறதும் ஒரு விதத்தில் இந்தச் சூதாட்டத்தில் இருந்து தப்பிக்கத்தான். 2010-ல் மீஞ்சூர், 2013-ல் நெம்மேலி, தலா 10 கோடி லிட்டர். 2024-ல் நெம்மேலியில் இன்னொரு 15 கோடி. பேரூரில் 40 கோடிக்கு ஒண்ணு கட்டிக்கிட்டிருக்காங்க. மழை வந்தாலும் வராட்டியும் ஓடும். ஆனா ஃப்ரேசரின் கால்வாய் மாதிரி சும்மா ஓடாது, கரண்ட் பில் எகிறும். மீஞ்சூர்ப் பக்கம் இன்னொரு கணக்கும் பாக்கி இருக்கு. பல வருஷம் அங்கே ஊருக்காக நிலத்தடி நீரை உறிஞ்சினதில், கடல் உள்ளே வந்து கிராமத்துக் கிணறுகள் உப்பாச்சு. கடல் நீரை நல்ல நீராக்கும் ஆலையும், நல்ல நீர் கடல் நீரான கிணறும் ஒரே வட்டாரத்தில்.

2011-ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரில் இருந்து 426 ஆச்சு. அந்த எல்லைக்குள் அப்போதே 66 லட்சத்துக்கு மேல் மக்கள். மேட்லியின் எண்ணைப் போல் பத்து மடங்கு. அடுத்த சென்சஸ் வரும்போது இந்த எண்ணையும் திருத்தி எழுதணும்.

முடிக்கும் முன்னாடி ஒரு சின்ன வேலை தர்றேன். சென்னைக் குடிநீர் வாரியம் தினமும் இணையதளத்தில் ஏரி நிலவர அட்டவணை போடுது. முழு உயரம், இன்றைய உயரம், இருப்பு, வரத்து, வெளியேற்றம், போன வருஷம் இதே நாளில் எவ்வளவு. இந்த நவம்பரில் மழை பெய்ற ஒரு நாள் அதைத் திறந்து, செம்பரம்பாக்கம் வரிசையைப் பாருங்க. உயரம் 21-ஐத் தாண்டியிருந்தா, வரத்துக்கும் வெளியேற்றத்துக்கும் என்ன வித்தியாசம்னு கவனிங்க. அன்னைக்கு மதகுச் சாவி உங்க கையில் இருந்தா என்ன செய்வீங்கன்னு எங்களுக்கு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் படிக்கிறோம்.